நடு ஆற்றில் சொன்ன சொல்

என் பெயர் கோட்லோப் ஷீபே. வயது எழுபது. பெர்லின், மீன்காரத் தெரு, பதினோராம் எண் வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறேன். ஆற்றில் ஆப்பிள் ஏற்றி வந்து விற்கும் படகு ஓட்டிப் பிழைத்தவன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல நீதிமன்றத்தில் எழுதப்படுகிறது.

உருளைக்கிழங்கு விலை ஏறி, சந்தையில் பெண்கள் கடைகளைக் கவிழ்த்த வருடம் அது. தெருவில் புகை பிடித்தால் போலீஸ் பிடிக்கும் காலம். இலை உதிரும் பருவத்தில் ஒரு காலை, வேலை பறிபோன பள்ளி ஆசிரியர் தியோடோர் வென்ஸ்லாஃப் என்பவரும் தையல்காரி கரோலினாவும் மூடுபனிக்குள்ளிருந்து என் படகுக்கு வந்தார்கள்.

"நடு ஆத்துக்குப் போப்பா. அங்க எந்தப் பாதிரிக்கும் அதிகாரமில்ல" என்றார் ஆசிரியர்.

"ஊரு என்ன சொல்லும் சார்?"

"ஊருன்னு ஒரு ஆள நீ பாத்திருக்கியா? நான் பாத்ததில்ல."

அதன் பிறகு நானும் என் தம்பியும் துடுப்புப் போட்டு நடு ஆற்றில் நின்றோம். இரண்டு கரையும் இல்லை. ஆப்பிள் வாசனைதான் இருந்தது. எங்கோ மணி அடித்தது. எந்தப் பக்கமென்று தெரியவில்லை. "எனக்குப் புடிச்சிருக்கு, அதனால உன்கூட இருக்கேன். புடிக்காத அன்னைக்குப் போயிடுவேன்" என்றார் அவர். அவளும் அதையே சொல்லிவிட்டு, ஓர் ஆப்பிளைப் பாவாடையில் துடைத்துக் கடித்தாள். மோதிரம் மாற்றவில்லை.

தம்பி அடுத்த மார்ச் மாதக் கலவரத்தில் குண்டு பட்டு இறந்தான்.

அதன் பிறகு நாற்பத்திரண்டு வருடம், படித்துறைக்கு மேலிருந்த அவர்கள் ஜன்னலில் தினம் காலையில் அவர் கேட்பது என் காதில் விழும்: "இன்னைக்கு இருக்கியா?"

"மழ பெய்யுதே, எங்க போறது? இருக்கேன்."

போன குளிர்காலத்தில் அவர் இறந்தார். அதன் பிறகு கரோலினா விதவைகள் இல்லத்தில் இடம் கேட்டாள். பதிவேட்டில் கல்யாணம் இல்லாததால் சாட்சி சொல்ல என்னை அழைத்திருக்கிறீர்கள். பாதிரி முன்னால் கல்யாணம் நடந்ததைப் பார்த்தேன் என்று நான் சொன்னால் அவளுக்குக் கட்டிலும் கணப்பும் கிடைக்கும். இன்று நீதிமன்றப் படியில் என்னை மறித்தாள்.

"எனக்காகப் பொய் சொன்னா ஒத வாங்குவ, கோட்லோப்பு. உனக்கு என்ன வேணுமோ அதச் சொல்லு."

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். கல்யாணம் நடக்கவில்லை. அவள் விதவை இல்லை. நானும் இதுவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் பின்கட்டில் கணப்பு நன்றாக எரியும். வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் வாயிலிருந்து வந்தது தவிர வேறு சொல் இதில் இல்லை. கையெழுத்துக்குப் பதில் மூன்று சிலுவை போட்டிருக்கிறேன். அன்று படகில் இருந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடிருப்பவள்: கரோலினா ஹார்ட்விக், வயது அறுபத்து மூன்று, கல்யாணமாகாதவள்.