ஒன்பது முட்டை ஓடுகள்

காடை முட்டையை மேசை விளிம்பில் தட்டி உடைக்கக் கூடாது. உள்தோல் கெட்டியாக இருப்பதால் ஓடு நொறுங்கி உள்ளே விழுமே தவிர முட்டை சரியாகத் திறக்காது. நகம் வெட்டும் கத்தரிக்கோலால் அகலமான பக்கத்தில் ஒரு குல்லாய் அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டால் போதும், கரு உடையாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மிச்ச ஓடு ஒரு சின்னக் கிண்ணமாக முழுசாக நிற்கும். என்னிடம் காடை வாங்கிப்போன எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் தம்பியின் சிநேகிதி மெரிகெக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

வாக்குமூலம் எழுதும்போது நீங்கள் 'கோழி' என்று எழுதுகிறீர்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. காடை என்று எழுதுங்கள். எஸ்தோனியக் காடை, முட்டைக்கும் கறிக்கும் இரண்டுக்கும் ஆகிற இனம். இருபத்திரண்டு வருஷமாக வளர்க்கிறேன். வெளியிலிருந்து ஒரு பறவையைக்கூட உள்ளே விட்டதில்லை. போலீஸ்காரர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயமாக இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை.

என் பெயர் ஹெல்வெ என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டீர்கள். வயது ஐம்பத்தொன்பது. என் தம்பி ஆர்வெத்துக்கு நாற்பத்தெட்டு. எங்கள் அம்மா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது, முதல் சவரத்துக்குக் கண்ணாடி பிடித்தது எல்லாம் நான். என்னை ஒருவர் பெண் கேட்டு வந்தார், நல்ல மனிதர்தான். பையனை எங்கே விடுவது என்று கேட்டேன். அவர் யோசித்தார். யோசிக்கிற ஆள் எனக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

வளர்ந்ததும் ஆர்வெத் ஃபின்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போனான். எங்கள் வோரு மாவட்டத்தில் பாதி ஆண்பிள்ளைகள் போனார்கள், அவனும் போனான். பத்து வருஷம் கழித்து முகம் ஊதி, கால் ஊதித் திரும்பி வந்தான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். மூன்று வருஷத்துக்கு முன் தார்த்து ஆஸ்பத்திரியில் என் இடது சிறுநீரகத்தை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். அவனுடையவற்றை எடுக்கவில்லை, புதியதை வலது பக்கம், இடுப்பெலும்புக்கு மேலே வைத்தார்கள். தொட்டால் கையில் தெரியும். அதன் மேல் தட்டிக்கொண்டு அவன் சொல்வான்: "குடித்தனக்காரன் சௌக்கியமா இருக்கான் அக்கா. வாடகை மட்டும் கேட்டுடாதே."

அவன் கண் விழிப்பதற்கு முன்பே டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டு போய் ஒரு தாளைக் கொடுத்தார். உடம்பு புதிய உறுப்பைத் தள்ளிவிடாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள், அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், அதனால் பச்சை முட்டை, வேகாத கறி, காய்ச்சாத பால் எதுவும் கூடாது என்று இருந்தது. படித்தேன். வீட்டுக்கு வந்து, காடைகளின் கால் வளையங்கள் வைத்திருக்கும் இழுப்பறையில் போட்டேன். மறைத்தேன் என்று எழுத வேண்டாம். ஆர்வெத் எந்தத் தாளையும் படிக்கிறவன் இல்லை.

அவனுக்குக் காலையில் கோகல்-மோகல் வேண்டும். மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்துக் கொடுப்பது. சின்ன வயதில் அழுகையை நிறுத்த நான் பழக்கிவிட்டது. கோழி முட்டையில் செய்தால்தான் ஆபத்து, காடைக்கு உடம்புச் சூடு அதிகம், அதில் கிருமி தங்காது என்று எங்கள் சந்தையில் எல்லோரும் சொல்வார்கள். நானும் வருஷக்கணக்காக அப்படிச் சொல்லித்தான் விற்றேன். தினம் ஐந்து முட்டை அவனுக்கு. இரண்டரை வருஷம் ஒன்றும் ஆகவில்லை.

போன இலையுதிர் காலத்தில் மெரிகெ வந்தாள். ஃபின்லாந்தில், துர்க்குவில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறாள், நம் ஊர்ப் பெண்தான். அவன் அங்கே இருந்த காலத்துச் சிநேகிதி. தடித்த உடம்பு, கணீரென்ற சிரிப்பு. வந்த அன்றைக்கே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். நான் அவளுக்கு அக்கா இல்லை, ஆனாலும் காபி கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு ஆர்வெத் அவளிடம் போவதாக இருந்தது. போனால் அப்படியே தங்கிவிடுவான் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் கோடைச் சட்டையும் வைத்திருந்தான்.

நவம்பரில் என் மூன்றாவது கூண்டில் இரண்டு பெட்டைகள் சிறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து செத்தன. செத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினேன், அது என் பழக்கம். பதில் வருவதற்குள் ஆர்வெத் காய்ச்சலில் விழுந்தான். வயிற்றுப்போக்கு, குளிர் நடுக்கம். பதிலும் அதே வாரம் வந்தது. காடையிலும் அந்தக் கிருமி தங்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தாளில் எல்லாம் தெளிவாக இருந்தது.

அந்த முறை நான் எதுவும் செய்யவில்லை, அது தானாக நடந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். பத்து நாள் மருந்தில் தேறிவிட்டான். அதற்குப் பிறகு இன்னும் பத்து நாள் படுக்கையில் இருந்தான். கிறிஸ்துமஸ் பயணம் நின்றுபோனது. நான் கஞ்சி ஊட்டினேன், போர்வை மாற்றினேன், கால் பிடித்துவிட்டேன். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நீ இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன் அக்கா. என்னால இங்கேருந்து நகர முடியும்னு தோணலை." ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அந்த மூன்று வாரம்தான் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது கூண்டை எரித்தேன். பன்னிரண்டு பறவைகளைக் கழுத்தைத் திருகிப் புதைத்தேன். பதின்மூன்றாவதை விட்டுவிட்டேன். அவள் நோய் வந்த மாதிரியே இல்லை, கண் பளிச்சென்று இருந்தது, ஒரு நாள் விடாமல் முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தனியாகப் பழைய மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோனேன். மாடு இல்லாமல் போய் இருபது வருஷம் ஆகிறது, அங்கே யாரும் போவதில்லை. எங்கள் குளிர்கால வெளிச்சத்தில் காடை முட்டையிடாது. அதனால் ஒரு விளக்குப் போட்டேன். ஆர்வெத் ஒரு தடவை கேட்டான், எலி வராமலிருக்க என்றேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த விளக்கு எரிந்தது. அவளுடைய முட்டைகளை உடைத்துக் குழிக்குள் கொட்டினேன். கொட்டுவதற்கு எதற்கு விளக்குப் போட வேண்டும் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் கடைசியில் மெரிகெ மறுபடி வந்தாள், இந்தத் தடவை அவனை அழைத்துப்போக. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமைக் கப்பலுக்கு இரண்டு பேருக்கும் சீட்டு எடுத்திருந்தார்கள். துர்க்குவில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்று படம் காட்டினாள். என்னையும் வரச் சொன்னாள். "காடையெல்லாம் குடுத்துட்டு வந்துடுங்கக்கா. அங்க உங்களுக்குன்னு தனி ரூம் இருக்கு, பால்கனியும் இருக்கு." மனதாரத்தான் சொன்னாள். எனக்கு அதில் சந்தேகமில்லை.

பிறகு ஆர்வெத் கொல்லைப்புறத்தில் என்னிடம் தனியாகச் சொன்னான். "அங்கே போய்ப் புதுசா ஆரம்பிக்கணும் அக்கா. உடம்பு முழுக்க எனக்கே சொந்தம்னு ஆன மாதிரி இப்பத்தான் இருக்கு." நான் தீவனம் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டு முடித்தேன்.

மறுநாள் காலை மாட்டுக்கொட்டகைக்குப் போய் அந்தப் பதின்மூன்றாவது பெட்டையின் முட்டையை எடுத்துவந்தேன். மற்ற கூண்டுகளிலிருந்து எடுத்த நாலோடு அதையும் சேர்த்து அடித்தேன். சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டேன். காய்ச்சல் வரும், கப்பல் போய்விடும், மெரிகெக்கு லீவு முடிந்து அவள் திரும்ப வேண்டியிருக்கும். பத்து நாள் மருந்து, பத்து நாள் படுக்கை. அளவு எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மெரிகெ அடுப்பங்கரையில் நின்று நான் அடிப்பதைப் பார்த்தாள். "ஏங்க்கா, இவருக்குப் பச்சை முட்டை ஆகுமா? எங்க பள்ளிக்கூடத்துல நல்லா இருக்கிற பிள்ளைங்களுக்கே குடுக்க விடமாட்டாங்க."

ஆர்வெத் சிரித்தான். "காடைக்கு ஜுரம்தான் நிரந்தரம், கிருமி செத்துரும். அதோட, அக்கா கையால விஷம் குடுத்தாக்கூட எனக்குச் செரிக்கும்."

நான் மெரிகெயைப் பார்த்துச் சொன்னேன்: "என் உடம்பிலேருந்து அறுத்துக் குடுத்தவ நான். முட்டையிலயா கெடுதல் செய்வேன்?"

அவள் முகம் சிவந்துபோனது. வந்து என்னைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். மன்னித்தேன்.

அன்றைக்குத்தான் ஓடுகளைக் கேட்டாள். ஓடுகளை நான் தூர எறிவதில்லை. வாரம் ஒரு தடவை அடுப்பில் உலர்த்தி, இடித்து, தீவனத்திலேயே கலந்துவிடுவேன். அந்த வாரத்து ஓடுகள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக இருந்தன. ஈஸ்டருக்குப் பூர்ச்ச மரத்துக் கிளை ஒன்றை வெட்டித் தண்ணீரில் வைத்து, அது துளிர்த்ததும் ஓடுகளை நூலில் கட்டித் தொங்கவிடப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். எடுத்துக்கொள் என்றேன்.

இங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பெருமை, வேறென்ன. ஒவ்வொரு பெட்டையின் முட்டைக்கும் ஒரு கோலம் உண்டு, ஒருத்தியினுடையது இன்னொருத்திக்கு வராது, சாகும்வரை மாறாது என்று அவளுக்குச் சொன்னேன். என் பெட்டைகள் எண்பத்துநாலு. ஓட்டைப் பார்த்தே யாருடையது என்று சொல்வேன். மெரிகெ ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள், நான் கூண்டும் எண்ணும் சொன்னேன். விளையாட்டு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வெளிர்பச்சையில் புள்ளியே இல்லாமல், அடியில் மட்டும் விரல் பட்ட மாதிரி ஒரு பழுப்புத் தீற்றலோடு இருந்த ஒன்றை எடுத்து, "அய்யோ, இது என்ன அழகு. இது யாருக்கா?" என்று கேட்டாள்.

"அது ஒருத்தி" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் அந்த ஓட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். பெரிய வெள்ளிக்கு முந்தைய நாளோடு ஒன்பது சேர்ந்தன. வெள்ளிக்கிழமை ஆர்வெத் விழுந்தான்.

இந்தத் தடவை காய்ச்சல் இறங்கவில்லை. சனிக்கிழமை தார்த்துவுக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். என்ன சாப்பிட்டார் என்று ஒரு நர்ஸ் கேட்டாள், உணவுத் தாளின்படி எல்லாம் கொடுக்கிறீர்களா என்றும் கேட்டாள். ஆமாம் என்றேன். அங்கே மட்டும் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை இரண்டு நாள் முன்னதாகச் சரியான மருந்து போயிருக்கும். அதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சொன்னால் மெரிகெக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவனுக்குத் தெரிந்துவிடும் என்றும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கப்பல் போயிற்று. அன்றைக்குக் காலையில் டாக்டர் வந்து, சிறுநீரகம் நின்றுவிட்டது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். என்னுடையது என்பதால் தலையைக் குனிந்துகொண்டு, துக்கம் விசாரிக்கிற மாதிரி சொன்னார். அதற்கு ஏழு நாள் கழித்து ஆர்வெத் போனான். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். நினைவு இருந்தவரை என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். மெரிகெ மறுபக்கம் நின்றாள்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்து என் எண்பத்துநாலு காடைகளையும் சோதித்தார்கள். எல்லாம் சுத்தம். அதோடு முடிந்திருக்கும். மெரிகெதான் அந்த ஒன்பது ஓடும் தொங்கிய பூர்ச்சக் கிளையோடு ஒரு முழு நாள் என் கூண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முட்டையையும் பார்த்தாள். அழுகிறாள் என்று நினைத்து ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"எண்பத்துநாலும் பாத்துட்டேன் அக்கா. இந்தப் பச்சை முட்டைக்காரி இங்க இல்லை. அவ எங்க?"

நான் ரொட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. கிளையை அப்படியே எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். இப்போது மேசைமேல் பஞ்சில் வைத்திருக்கிறீர்களே, அந்த ஒன்பதுதான். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என் பறவையை எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது.

அந்தப் பெட்டை இன்னும் மாட்டுக்கொட்டகையில்தான் இருக்கிறாள். ஏப்ரல் ஆகிவிட்டதால் விளக்கு வேண்டியதில்லை, தெற்கு ஜன்னல் போதும். தண்ணீர் மட்டும் யாராவது மாற்றினால் நல்லது. கொல்லத்தான் போகிறீர்கள் என்று தெரியும். தெரிந்த ஆளாக அனுப்புங்கள், ஒரே திருகில் முடிய வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள். அந்த முட்டைகளைத் தெரிந்தே கொடுத்தேன், ஒன்பது நாளும் என் கையால் அடித்துக் கொடுத்தேன். அவன் கப்பலைத் தவறவிட வேண்டும் என்றுதான் கொடுத்தேன். ஆனால் பொறாமை, வஞ்சம் என்றெல்லாம் அதில் சேர்க்காதீர்கள், அது என் குணம் இல்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட, கொடுத்ததை நான் அவனிடம் திருப்பிக் கேட்டதில்லை.