மணி அடிப்பதற்கு முன்

முதலில் தேநீரைக் குடித்துவிடுங்கள், ஆறிவிடும். யூஜீனியா அக்கா இஞ்சியைக் கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுவார். பத்து வருடமாகச் சொல்கிறேன், கேட்பதில்லை.

ஒலிப்பதிவுக் கருவி மேசையிலேயே இருக்கட்டும். எங்கள் மீனவர் இயக்கத்தை மதிப்பிட நிதியம் அனுப்பிய ஆள் நீங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பள்ளிவாசல்துறை ஹாசிம் நானா உங்களிடம் சொன்னது உண்மைதான். என்னைப் புகழ்வதாக நினைத்துச் சொல்லியிருப்பார். "அண்டைக்கு அன்ரனிப்பிள்ளைக்கு, உங்களத் தேடி வள்ளம் வெளிக்கிட்டிட்டுது எண்டு றொகான் தம்பி சொன்னத என்ட வோக்கியில நானே கேட்டேன். அல்லாஹ்ட நாட்டம், காப்பாத்த ஏலாமப் போச்சு." நாங்கள் உங்களுக்கு அனுப்பிய அறிக்கையிலோ, அன்று கடலிலிருந்து உதவி கேட்டு எந்த அழைப்பும் வரவில்லை என்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். அறிக்கைகளை அப்படிப் படிப்பவர்கள் குறைவு.

நான் சிலாபத்து ஆள். யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம் மாம்புரிக்கு வந்தேன். அப்போதுதான் இந்தக் கரையில் ஹோட்டல்காரர்கள் வேலி போடத் தொடங்கியிருந்தார்கள். வள்ளம் ஏற்ற இடமில்லாமல் சனம் தவித்தது. கூட்டம் நடத்த, மனு எழுத, பாதிரியாரையும் பள்ளிவாசல் ஆட்களையும் ஒரே பாயில் உட்கார வைக்க ஒருவர் தேவைப்பட்டார். நிதியம் என்னை அனுப்பியது. அன்ரனிப்பிள்ளை அண்ணன் தலைவரானார். நல்ல மனிதர். அவர் ஒரு சத்தம் போட்டால் கரை முழுக்க வந்து நிற்கும்.

இந்த றேடியோவும் நிதியம் தந்ததுதான். கூரைக்கு மேலே அந்த உயரமான கம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். வள்ளங்களுக்குக் கொடுத்த கையடக்க வோக்கிகள் கடலில் ஒன்றோடொன்று அதிக தூரம் பேசாது. ஆனால் தூரத்திலிருந்து அவர்கள் பேசுவது இந்தக் கம்பத்துக்குக் கேட்கும். இங்கே பேசுவதும் எல்லா வோக்கிக்கும் போகும். கரைக்கு வந்ததும் எல்லாரும் வோக்கியை இங்கே சார்ஜில் போட்டுவிட்டுப் போவார்கள். ஹாசிம் நானா மட்டும் தன்னுடையதை வீட்டுக்குக் கொண்டுபோவார். அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

றேடியோ வருவதற்கு முன் இங்கே வேறு வழக்கம் இருந்தது. போன வள்ளம் திரும்பாவிட்டால் அந்த வீட்டுப் பெண் கோயிலுக்குப் போய் மணிக்கயிற்றை இழுப்பாள். பாதிரியாரைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. மணி கேட்டால் சோற்றில் கை வைத்தவனும் எழும்பி வள்ளத்தைத் தள்ளுவான். நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு வருடத்தில் பதினொரு தடவை வீணாக அடித்தார்கள். ஒருமுறை தேடப்பட்டவர் குறிஞ்சிப்பிட்டியில் மச்சான் வீட்டில் நித்திரையாக இருந்தார். அதனால் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். மணி அடிப்பதற்கு முன் றேடியோ அறையில் கேட்க வேண்டும். எல்லாரும் கையுயர்த்தினார்கள். முதலில் உயர்ந்தது அன்ரனிப்பிள்ளை அண்ணனின் கை.

போராட்டத்தின் இரண்டாம் வருட முடிவில் ஹோட்டல் இறங்கி வந்தது. வள்ளம் ஏற்ற நூறு யார் நீளக் கரையும், வீதிக்கு ஒரு பாதையும் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை கையெழுத்து. சனிக்கிழமை அண்ணன் இதே கதிரையில் இருந்து சிரித்தார்.

"பிறகு இயக்கம் என்னத்துக்கு தம்பி? கரை கிடைச்சிட்டுது. நீ எங்களுக்குக் கொடி பிடிக்கப் பழக்கினாய். இனி வா, நான் உனக்கு வலை இழுக்கப் பழக்கிறன். அந்தக் கையைப் பார், பொம்பிளைப் பிள்ளையின்ட கை மாதிரி."

"அண்ணன், சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் இதே பிரச்சினை இருக்கு. நிதியம் முழுக் கரைக்கும் உதவி செய்யப் பாக்குது."

"அவங்கட கரையை அவங்க பாக்கட்டும். நீ ஊருக்கு ஊர் நெருப்புக் கொண்டு திரியிறாய். எங்கட அடுப்பு எரிஞ்சிட்டுது, எங்களுக்கு அது காணும்."

அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. சிறிதாக யோசித்தார், அவ்வளவுதான். ஒரு கிராமம் நூறு யார் கரையோடு வீட்டுக்குப் போய்விட்டால் மற்றப் பதினாறு கிராமங்கள் யாரைப் பார்த்து எழும்பும்? தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, இன்னும் காணி உறுதி இல்லாமல் இருக்கிற முஸ்லிம் சனம் யாரை நம்பும்? நிதியத்தின் கடிதம் மேசையில் இருந்தது. உயிரோட்டமுள்ள இயக்கங்களுக்கே முன்னுரிமை என்று எழுதியிருந்தீர்கள்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்கென்று மற்ற வள்ளங்கள் விடியவே திரும்பிவிட்டன. அண்ணன் மட்டும் அறுந்துபோன வலையைத் தேடிப் பின்தங்கினார். ஒன்று பத்துக்கு அவருடைய குரல் வந்தது. கடலடிக் கற்பாறைத் திட்டான கற்பாரில் அடிபட்டு வள்ளத்தின் அடி வெடித்துவிட்டது, எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது என்றார். பதற்றமே இல்லை. கோயில் இங்கிருந்து அறுபது அடி.

நான் எதையும் தீர்மானித்ததாக நினைவில்லை. எழும்பவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு அண்ணனின் மனைவி யூஜீனியா அக்கா வந்தார். தீர்மானப்படி முதலில் இங்கே வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"தம்பி, அவரை இன்னும் காணேல்ல. மணி அடிக்கட்டா?"

"ஒரு மணி போலக் கதைச்சவர் அக்கா. குரல் நல்லாத்தான் இருந்தது."

"அப்ப சரி. வலை கிடைக்காமல் அந்த மனுசன் வரமாட்டுது. சோறும் ஆறிப்போச்சு."

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. ஒன்றைக் கவனியுங்கள், நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு அக்கா என்னைக் கேட்காமலே மணி அடித்தார். வள்ளங்கள் போயின. இருட்டிவிட்டதால் விடிந்துதான் கண்டுபிடித்தார்கள். வள்ளம் முக்கால்வாசி மூழ்கி, பாரில் நங்கூரத்தோடு நின்றது. அதில் உயிரோடு யாரும் இல்லை. அடியிலிருந்த வெடிப்பைப் பார்த்த யாரோ, ஹோட்டலின் சுற்றுலாப் படகு இடித்துவிட்டது என்றார்கள். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கையெழுத்துக்குப் பதிலாக ஊர்வலம் நடந்தது. பிறகு பதினேழு கிராமங்கள் எழும்பின. அக்காவின் படத்தை உங்கள் ஆண்டு மலரின் அட்டையில் போட்டீர்கள். மாம்புரிக்கு மட்டும் அந்த நூறு யார் கரை கிடைக்கவில்லை. வரும்போது வேலியைப் பார்த்திருப்பீர்கள். வள்ளங்களை இப்போது ஒன்றரை மைல் தள்ளி ஏற்றுகிறார்கள். இயக்கம் வேறு, ஓர் ஊர் வேறு.

கிழவர்கள் மட்டும் ஒரு கேள்வியை விடவில்லை. அன்று காற்று கரைப்பக்கம் அடித்தது. வள்ளத்தைச் சும்மா விட்டிருந்தாலே மூன்று மணிக்குள் கரைக்கு ஒதுங்கியிருக்கும். கடலிலேயே வளர்ந்த மனிதன் ஏன் நங்கூரம் போட்டான்?

நான் சொல்லித்தான் போட்டார். உங்களைத் தேடி வள்ளம் வெளிக்கிட்டிட்டுது, பாரில நங்கூரம் போட்டு நில்லுங்க, தேட லேசு என்றேன். நிதியத்தின் பாதுகாப்புப் பயிற்சியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான், ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று. அவர் ஒழுங்கான மாணவர்.

வள்ளத்தில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர் பேதுரு, அக்காவின் தம்பி. அடுத்த மாதம் அவருக்குக் கலியாணம். அவரைப் பற்றி எனக்கு எந்த மனத்தாங்கலும் இருந்ததில்லை. அக்கா வாசலில் நின்றபோது கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவர்தான். நான் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன்.

நங்கூரக் கயிறு பாதி அறுக்கப்பட்டிருந்தது. கடைசியில் பொறுமை இழந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

எழுதுவதை எழுதுங்கள். அக்காவை உள்ளே கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், கதவுக்கு வெளியேதான் இருக்கிறார். ஒன்று மட்டும் சரியாக எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர்களோடு பேசினேன். வருகிறார்கள், கிட்ட வந்துவிட்டார்கள் என்று தைரியம் சொன்னேன். மூன்றரை மணிக்குக் குரல் நிற்கும்வரை இந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவர்களைத் தனியாக விட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.