முப்பத்தோரு முதல் மான்

"நான்தான் சார் சுட்டேன். இந்தக் கையாலதான்..."

"ஐயா, அவரு சொல்றதை எழுதாதீங்க. அவரால ஆலமரத்தைக்கூட..."

"ஏழு வருசமாத் தூக்கம் இல்ல சார். உஸ்மான் பாய் மூஞ்சி..."

"சுட முடியாதுங்க. கண்ணை மூடிகினு சுடற ஆளுங்க இவரு."

"கஜபதி அண்ணே, நீங்க என்னைக் காப்பாத்தப் பாக்காதீங்க."

"உன்னை இன்னாத்துக்கு நைனா நான் காப்பாத்தணும்? நடந்தத சொல்றேன். நீ போயி வெளிய குந்து."

நீங்கள் மேசையைத் தட்டியது நியாயம்தான் ஐயா. ஸ்டேஷனுக்கு வருகிறவன் எல்லாம் 'நான் இல்லை, அவன்' என்று அடுத்தவனைக் காட்டுவதுதான் உங்களுக்குப் பழக்கம். ஒரே பிணத்தை இரண்டு பேர் என்னுது என்னுது என்று இழுத்தால் யாருக்கும் தலைவலி வரும். கங்காதரன் தம்பியை வெளியே உட்காரவைத்தது நல்லதாயிற்று. அவருக்கும் ஒரு டீ கொடுக்கச் சொல்லுங்கள். பாவம், அழுதால் தொண்டை காய்ந்துவிடும்.

இந்த டீ நன்றாக இருக்கிறது. எங்கள் கரையான்சாவடியில் இப்படி இஞ்சி தட்டிப் போட ஆள் இல்லை.

நான் பூந்தமல்லியில் ஒரு மாந்தோப்புக்குக் காவல்காரன். பயிர்க்காவல் லைசென்சில் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தேன். அதெல்லாம் மானைத் தொட்டால் ஜெயில் என்று சட்டம் வருவதற்கு முந்தின காலம். நெமிலிச்சேரி தாண்டி வடக்கே, ஏரிக்கு அந்தப் பக்கம் சூரையும் காரையும் முள்ளுப் புதராக மண்டிக் கிடந்ததே, இப்போது மனை போடுகிறோம் என்று புல்டோசர் விட்டு எலும்பைக் கிளப்பினார்களே, அதுதான் எங்கள் காடு. அறுபத்து மூன்றிலிருந்து அறுபத்தொன்பது வரை, முதல் மான் அடிக்க ஆசைப்பட்ட பெரிய வீட்டுப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனவன் நான். என்னோடு உஸ்மான் கனி வருவான். பூந்தமல்லியில் கறிக்கடை வைத்திருந்தவன்.

அவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். மான் விழுந்ததும் உயிர் இருக்கும்போதே ஓடிப்போய் அல்லா பேரைச் சொல்லிக் கழுத்தை அறுக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கறி அவன் ஜனங்களுக்கு ஆகும். அதனால் வெடிச் சத்தம் கேட்ட உடனே கத்தியோடு ஓடுவான். அவன் ஓடும்போது யாரும் விசையைத் தொடக்கூடாது. அறுத்து முடித்துச் சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டின பிறகுதான் நாங்கள் எழுந்திருப்போம். இந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான் ஐயா. ஆள் பத்திரம் எனக்கு முக்கியம்.

பத்திரம் என்பதால்தான் இன்னொரு காரியமும் செய்துவந்தேன். வந்த பிள்ளைகளைப் பார்த்தால் நீங்களும் அதையேதான் செய்திருப்பீர்கள். ஒருத்தர் ஷூவுக்கு வெள்ளைப் பாலீஷ் போட்டுக்கொண்டு வந்தார். இன்னொருத்தர் ஆட்டுக்குட்டி கத்தினதைக் கேட்டு மரம் ஏறிவிட்டார். மூன்றாவது ஒருத்தர் துப்பாக்கியைப் பின்பக்கமாகப் பிடித்து, 'இதை எங்கே அமுக்கணும்' என்று கேட்டார். இவர்கள் கையில் நிஜத் தோட்டாவைக் கொடுத்தால் மான் பிழைத்துக்கொள்ளும், நாங்கள்தான் சாவோம். ஆகையால் முந்தின நாளே அவர்கள் வீட்டுத் துப்பாக்கிக்கான தோட்டாவின் வாயைப் பிரித்து, உள்ளே இருக்கும் பொடி ஈய ரவையைக் கொட்டிவிட்டு, மருந்தை மட்டும் விட்டுத் தக்கையைத் திரும்ப அடைத்துவிடுவேன். சத்தம் வரும், புகை வரும், தோளில் இடிக்கும். குண்டு மட்டும் வராது. அவர் சுடும் அதே நேரத்தில், பின்னால் இருந்து என் துப்பாக்கியில் ஒற்றை ஈய உருண்டை போகும். இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்கும். மான் விழும். அவர் கண்ணைத் திறந்து பார்ப்பார்.

'நானா, நானா' என்பார்.

'நீங்கதான் நைனா. இன்னா குறி, இன்னா குறி' என்பேன்.

அதற்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே ஐயா. போகும்போது பிள்ளையாகப் போனவர் திரும்பும்போது மீசையை முறுக்கிக்கொண்டு வருவார். ஆவடியில் ஒரு ஸ்டுடியோவில் மான் தலைமேல் கால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். கொம்பு வீட்டு வாசலுக்குப் போகும், போட்டோ பெண் வீட்டுக்குப் போகும். ஒருத்தர் அந்தப் போட்டோவை எலெக்‌ஷன் நோட்டீசிலேயே போட்டார். தோற்றுப்போனார். மான்களுக்கு ஓட்டு இல்லை. இப்படி முப்பது பேர். முப்பது மானும் என் மான். அதில் ஒன்றையாவது என்னுது என்று நான் கேட்டதுண்டா? கொடுத்துப் பழகின கை ஐயா இது.

உஸ்மானுக்கு மட்டும் விஷயம் தெரியும். அறுக்கிறவனுக்கு ரவை பட்ட காயமா, உருண்டை பட்ட காயமா என்று தெரியாமல் போகுமா? ஆனால் நல்லவன், வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு என்னிடம் மட்டும் கண்ணடிப்பான்.

"அண்ணாத்தே, இத்தினி பேரைப் பெத்துப்போட்டுட்டு ஒண்ணுத்துக்கும் அப்பன் பேரு குடுக்கல நீ" என்பான்.

சிரிப்பேன். நல்ல பேச்சுக்காரன்.

முப்பதாவது மானில்தான் கொஞ்சம் வருத்தம். அது விழாமல் ஓடிவிட்டது. இரண்டு மணி நேரம் ரத்தம் பார்த்துத் தேடிப்போய் உஸ்மான் அறுத்துக்கொண்டு வந்தான். கரையான்சாவடி டீக்கடை பெஞ்சில், நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, சத்தம் போட்டே பேசினான்.

"கண்ணு பூத்துப்போச்சு அண்ணாத்தே. கை வேற ஆடுது. வயித்துல போட்டுக்கீறே. அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"காத்து அடிச்சுது பாய்."

"இலை அசையல, காத்து இன்னா உனுக்கு மட்டும் அடிச்சுதா? போதும் விடு. இனிமே அந்தப் பசங்க துப்பாக்கிலயே ரவை போட்டுக் குடு. அவனுங்களாவது குருட்டு அதிர்ஷ்டத்துல அடிப்பானுங்கோ."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். கேலிக்கு எல்லாம் ஒரு மனுஷன் கோபப்படுவானா? நான் யோசித்தது அந்த முப்பது பேரைப் பற்றி. துப்பாக்கியில் ரவை இல்லை என்கிற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்தாயிற்று. இன்றைக்குப் பெஞ்சு, நாளைக்கு ஊர். முப்பது வீட்டுக் கொம்பும் என்ன ஆவது? அதைக் காட்டிக் கல்யாணம் கட்டினவர்களின் மானம் என்ன ஆவது? ஒருத்தன் வாய்க்காக முப்பது குடும்பம் தலைகுனிய வேண்டுமா? இப்படித்தான் என் நினைப்பு ஓடியது.

அடுத்த மாசம், மரம் விற்கிற அம்பத்தூர் மரவாடிக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். வெளியே அழுகிறாரே, அவருடைய அப்பா.

"கஜபதி, பையன் தொட்டாச்சிணுங்கியா கீறான். பொண்ணு வீட்டுக்காரங்க பட்டாளத்துக் குடும்பம். மாப்பிள்ளைக்கு வேட்டை தெரியுமான்னு கேக்கறாங்க. ஒரு மானாவது அடிச்சு வெச்சுடு."

"அடிச்சுடலாங்க."

தைமாசம், விடியற்காலை. மரவாடி ஜீப்பில் மூன்று பேர் போனோம். கங்காதரன் தம்பி வழியெல்லாம் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "அண்ணே, மான் நம்பளைப் பாக்குமா?" என்று கேட்டார். உஸ்மான் அவர் முதுகில் தட்டிக்கொடுத்து, "நீ பயப்படாத நைனா. உன்னால ஒரு ஈ எறும்பு சாவாது. திரும்பி வரச்சொல்லோ ஒரு ரகசியம் சொல்றேன், சிரிச்சிகினே தூங்குவே" என்றான். சொல்லும்போது என்னைப் பார்த்தான். கண்ணடித்தான்.

ஏரிக்கரையில் தண்ணீர் குடிக்க ஒரு ஆண்மான் வந்தது. நாற்பது கஜம் இருக்கும். தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தார். கூடவே நானும். மான் முட்டி போட்டு விழுந்தது. உஸ்மான் கத்தியோடு ஓடினான். பாதி தூரம் போவதற்குள் மான் எழுந்து, நொண்டிக்கொண்டே புதர்ப் பக்கம் ஓடியது. அவனும் விடாமல் பின்னாலேயே ஓடினான். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தான் ஐயா. அந்த வெளியெங்கும் கேட்கிற மாதிரி.

"இன்னா அண்ணாத்தே, மறுபடியும் காத்தா? மானு உனுக்கு டாட்டா காட்டிகினு போவுது பாரு."

நான் பதட்டப்படவில்லை. தம்பி காதில் மெதுவாகச் சொன்னேன்: "நைனா, மான் தப்பிக்குது. இன்னொரு குழலையும் சுடு. விடாத."

"பாய் ஓடறாரே அண்ணே. அவர் ஓடறப்ப சுடக்கூடாதுன்னு..."

"நான் சொல்றேன் இல்ல, சுடு."

சுட்டார். நல்ல பிள்ளை, பெரியவர்கள் சொன்னால் கேட்பார். கூடவே நானும் சுட்டேன். இரண்டு சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது. உஸ்மான் முகம் குப்புற விழுந்தான். துண்டு தனியாகப் போய் விழுந்தது.

தம்பி கண்ணைத் திறந்தார்.

"நானா?" என்றார்.

வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த முறை, "மானைத்தானே நைனா சுடச் சொன்னேன்?" என்றேன்.

அந்த மான் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அடிபட்டதைத் தேடாமல் விட்டது அந்த ஒன்றைத்தான். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

குழியை நான்தான் வெட்டினேன். தம்பி மண் தள்ளினார். உஸ்மானை வலது பக்கமாகச் சாய்த்து, முகம் மேற்கே பார்க்கப் படுக்க வைத்தேன். பாய்மார்கள் வழக்கம் எனக்குத் தெரியும். கத்தியையும் பக்கத்திலேயே வைத்தேன். அது அவனுடையது. நமக்கு எதற்கு? ஜீப்பில் திரும்பும்போது, "வெளியே தெரிஞ்சா தூக்கு நைனா. என் உசிரு இருக்கிற வரைக்கும் சொல்லமாட்டேன்" என்று தம்பிக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். அழுதுகொண்டே என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஏழு வருஷம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அவர் கறி சாப்பிடுவதை விட்டார், கல்யாணத்தை விட்டார், தூக்கத்தை விட்டார். பார்க்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் வாக்கு வாக்குதானே?

உஸ்மான் வீட்டில் அஷ்ரஃபுன்னிசா, அவன் சம்சாரம். பம்பாய்க்கு வேலை தேடிப் போகிறேன் என்று ரயில் ஏறினான், நானே வழியனுப்பினேன் என்று அவளிடம் சொன்னேன். நம்பினாள். வேட்டைக்குத் தடை வரும்வரை, எப்போது மான் விழுந்தாலும் ஒரு தொடை அவளுக்குத்தான்.

"யாரு அறுத்தாங்க அண்ணே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"உஸ்மான் பழக்கின ஆளுதாம்மா" என்பேன்.

நான்தான் அறுத்தேன். அல்லா பேரையும் நானே சொல்லிக்கொண்டேன். உச்சரிப்பில் பிசகு இருந்திருக்கலாம், மனசில் குறை இல்லை. அவள் விசாரிக்காமல் வாங்கினதே இல்லை, விசாரித்த பிறகு சந்தேகப்பட்டதும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு செய்தவன் வேறு யார் என்று கரையான்சாவடியில் கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் எலும்பு கிடைத்த சேதி வந்ததும் தம்பி நேரே இங்கே ஓடிவந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தோப்பைப் பூட்டாமல்கூட வந்தேன் ஐயா. அவர் துப்பாக்கியில் ரவை இல்லை. எலும்பில் டாக்டர் எடுத்தது ஒற்றை ஈய உருண்டை, நீங்களே சொன்னீர்கள். குற்றம் செய்யாத பிள்ளை தண்டனை அனுபவிக்கக்கூடாது. அதற்காக மட்டும்தான் வந்தேன். வேறு எந்த எண்ணமும் இல்லை.

வந்து பார்த்தால், நான் நுழையும்போதே அவர், 'ஒரே வெடி சார், ஓடுற ஆள் அப்படியே சாஞ்சாரு, என் கை செஞ்சுது' என்று உங்களிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முப்பது மானை யார் யார் பேருக்கோ கொடுத்தேன். முப்பத்தோராவதும் இவர் பேருக்குத்தான் போயிற்று, அது புதரில் ஓடிப்போனாலும். சரி. அது மான்.

அவ்வளவுதான் ஐயா. உஸ்மான் கனியைச் சுட்டது நான். தெரிந்தே சுட்டேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, டீகூட நல்ல டீயாகத்தான் கொடுத்தீர்கள்.

இதோ ஏட்டய்யா எழுதினதைப் படித்துக் காட்டுகிறார். பொறுமையாகத்தான் எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போடப் பேனாவும் கொடுத்துவிட்டீர்கள். ஒரே ஒரு இடம்தான்.

"ஏட்டய்யா, 'நாற்பது கஜ தூரத்தில் நின்றிருந்த உஸ்மான் கனியை'ன்னு போட்டுக்கீறீங்க. நாப்பது கஜம் மானுக்குங்க. பாய் எழுபது கஜத்துல கீறான், அதுவும் நிக்கல, ஓடறான், ஒரே குண்டு. அதை அடிச்சிட்டுத் திருத்தி எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."