கடல் பக்கம்

— ஆறிடப் போகுது தௌஹீத் நானா. குடிச்சிருங்க.

— நீயும் ஒரு வாய் எடுத்துக்கடா கதிரவா. 'நானா'ன்னு அண்ணன் முறை வெச்சு எதிர் டீம் கோல்கீப்பருக்குக் கஞ்சி தூக்கிட்டு வந்த பெனால்டிக்காரனை நான் இப்பதான் பார்க்கிறேன்.

— வயிறு நிறைஞ்சிருந்தா குதிக்க முடியாதுல்ல. அதுக்குத்தான்.

— அதானே பார்த்தேன். கோட்டுச்சேரிக்காரன் சும்மா குடுப்பானா?

— சும்மாதான் சொன்னேன்.

— தெரியுதுடா. சிரிக்காம சொல்றியா, அதான் பக்குனு இருக்கு.

— பந்தை வெச்சுட்டுப் பின்னால நடந்துக்கிட்டிருந்தேன். திரும்பினா பாங்கு சொல்றாங்க. ரெஃப்ரி ராஜ்மோகன் சார் ரெண்டு கையையும் தூக்கிட்டாரு.

— நோன்பு மாசத்து டோர்னமென்ட்டுடா. பாங்கு சொன்னா பந்து நிக்கணும். பழம் கடிச்சு, தொழுது, கஞ்சி குடிச்சப்புறம்தான் விசில். பெனால்டிக்கு நடுவுல வந்து மாட்டினது உன் நேரம்.

— எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. காத்திருந்தா பயம் வந்துடும், கால் நடுங்கும்னு.

— வராதா பின்ன? நாங்க எதுக்கு ஷூ லேஸை அவுத்து அவுத்துக் கட்டுறோம்? அடிக்கிறவன் நின்னு யோசிக்கணும். யோசிச்சா பயப்படுவான்.

— எனக்கு ஒண்ணும் வரல நானா.

— பயமே இல்லியா?

— பயமும் இல்ல. எதுவும் இல்ல. நான் தவறவிட்டா கப்பு உங்களுக்கு. உள்ள போட்டா சமன், அடுத்த ரவுண்டு பெனால்டி. யாரோ வேற ஆளோட மேட்ச் மாதிரி இருக்கு.

— அந்தப் பனியன் நவநீதனோடதா?

— அண்ணனோடதுதான்.

— நாறுதுடா.

— அம்மா துவைக்க விட மாட்டேங்குது. அதுலதான் அவன் வாசம் இருக்குதாம்.

— சரி. நாறட்டும். நான் துக்கம் கேக்க வீட்டுக்கு வந்திருக்கணும். பூவம் வரைக்கும் வந்தேன், அவனுக்கு ஆக்சிடென்ட் ஆன அந்த வளைவைத் தாண்ட முடியல. வண்டியைத் திருப்பிட்டேன்.

— வராததே நல்லது. வந்தவங்க எல்லாரும் என் தலையைத் தடவிட்டுப் போனாங்க.

— பாசம்டா.

— தை மாசத்துலேர்ந்து அதான் நடக்குது. பஸ்ல கண்டக்டர் என்கிட்ட டிக்கெட்டே கேக்கறதில்ல. காலேஜ் லேப்ல குடுவையை உடைச்சேன், 'பரவால்ல கதிரவா, கையில படலியே'ங்கிறாங்க. அப்பா என்னைத் திட்டி எவ்வளவு நாளாச்சு. இன்னைக்கு மேட்ச்ல பார்த்தீங்களா, உங்க டிஃபென்ஸ்ல ஒருத்தன்கூட என் கால் பக்கமே வரல.

— பார்த்தேன்.

— உங்க ஹமீது நானா, எல்லார் முட்டியையும் பேத்து எடுக்கிற ஆளு. நான் பந்தோட போனா வழி விட்டு நிக்கிறாரு. கல்யாண வீட்டுல வரவேற்கிற மாதிரி.

— ஹஹ. அவர்கிட்ட சொல்றேன் இரு.

— நான் இன்னும் அழவே இல்ல நானா. அது தெரியுமா உங்களுக்கு? சுடுகாட்டுலயும் இல்ல. எல்லாரும் எனக்காகப் பஞ்சு விரிச்சு வெச்சிருக்காங்க. எங்க விழுந்தாலும் வலிக்க மாட்டேங்குது.

— ம்.

— நீங்களாவது எனக்கு எதிரா நில்லுங்க.

— நிக்கத்தானே க்ளவுஸ் போட்டிருக்கேன்.

— போட்டிருக்கீங்க. ஆனா கீப்பர் விட்டுக்குடுத்தா யாருக்குத் தெரியும்? நடுவுலயே நின்னு கோல் வாங்கினா, மரம் மாதிரி நின்னான்னு காறித் துப்புவாங்க. தப்பான பக்கம் பாஞ்சு விழுந்தா, 'பாவம், முயற்சி பண்ணான்'னு கை தட்டுவாங்க. அண்ணன் சொல்லுவான்.

— நான்தான் அவனுக்குச் சொன்னேன் அதை. பந்து கிளம்பினப்புறம் விழுந்தா லேட்டு. அதனால கீப்பர் முன்னாடியே ஒரு பக்கத்தை முடிவு பண்ணிடணும். பாதி நேரம் தப்பாத்தான் போகும். அதுல எது வேணும்னே தப்புனு எவன் கண்டான்?

— அதான் பயமா இருக்கு. அதனால சொல்லிடறேன். கோலுக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ரோடு. நான் கடல் பக்கம்தான் அடிப்பேன்.

— ஏண்டா, எதிராளிகிட்ட சொல்லிட்டா அடிப்பாங்க?

— அண்ணன் சொல்லிட்டு அடிப்பான்ல?

— அடிப்பான். பீச்சுல தினம் சாயங்காலம், 'டேய் தௌஹீத், கடல் பக்கம்'னு கத்திட்டு அடிப்பான். நானும் அங்கேயே விழுவேன். அப்பவும் என் விரல்ல படாது. அவ்வளவு ஓரத்துல போகும்.

— ரோட்டுப் பக்கம் ஒருநாளும் அடிச்சதில்லியா?

— ஒருநாளும் இல்ல.

— நானும் அவன் பனியனைப் போட்டுக்கிட்டு வேற பக்கம் அடிக்க மாட்டேன். கடல் பக்கம். நீங்க அங்க விழணும். முடிஞ்சா புடிங்க, முடியலன்னா கோல். வாக்கு குடுங்க.

— நோன்பு வெச்சா பொய் சொல்லக் கூடாது, இப்ப திறந்தாச்சுடா. இனி என் வாக்கை நம்பலாமா?

— வெளையாடாதீங்க நானா.

— சரி. கடல் பக்கம். போ, பந்துகிட்ட போய் நில்லு. சார் வாட்ச்சைப் பார்க்கிறாரு.

— கிண்ணத்தைக் குடுங்க. ஓரமா வெச்சிடறேன்.

— தம்பி தௌஹீத், ஒரு நிமிஷம். இப்படி வா. அவன் காதுல விழ வேணாம்.

— என்ன ஹமீது நானா?

— இதை விட்டுடு.

— எதை?

— நடிக்காதடா. இது உள்ள போனா ஒண்ணும் குடி முழுகிடாது. அடுத்த ரவுண்டுல அடிச்சுக்கலாம். அந்தப் புள்ள தவறவிட்டு, அண்ணன் பனியனோட தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனா, அந்த அம்மா எப்படித் தாங்கும்? நம்ம டீம்ல எல்லாரும் ஒரே முடிவா இருக்கோம்.

— நீங்க கேப்டன். வெளியில நின்னு சொல்லிட்டீங்க. கோல்ல நிக்கிறது நான்.

— மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல உனக்கு? நவநீதன் உன் கூட்டாளிடா.

— பேசாம நடுக்கோட்டுக்குப் போங்க நானா. விசில் ஊதப் போறாரு.

— அவன் முகத்தைப் பாரு. கல்லு மாதிரி இருக்கு.

— பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். போங்க.

— கதிரவா! லேஸ் கட்டலாமாடா? இன்னும் கொஞ்சம் யோசிக்கிறியா?

— கட்டிக்கங்க நானா. எவ்வளவு நேரம் வேணாலும் கட்டுங்க.

— வேணாம். வா. அடி.

— புடிச்சிட்டான்! யா அல்லாஹ், புடிச்சிட்டான்டா! டேய், அவன் மேல விழாதீங்கடா, மூச்சு முட்டிடப் போகுது! கப்பு நமக்குடா! தம்பி, எழுந்திரு. பந்தை விடு. ஏன் அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே கெடக்கிறே? அடிகிடி பட்டுடுச்சா?

— இல்ல. இல்ல ஹமீது நானா. என் வயித்துலயே வந்து விழுந்துச்சு. கதிரவன் எங்க?

— இங்கதான் இருக்கேன்.

— டேய். அழறியா?

— தெரியல. நிக்க மாட்டேங்குது. அண்ணன் போயிட்டான் நானா.

— ஆமாண்டா.

— போயிட்டான். இனி வர மாட்டான்.

— ஆமாண்டா. இங்க சாஞ்சுக்க. க்ளவுஸ் மண்ணா இருக்கு, பரவால்ல.

— உங்களை ஏமாத்தி அடிக்கணும்னு நெனச்சேன். கடல் பக்கம்னு சொன்னா நீங்க அங்க விழுவீங்க, நான் ரோட்டுப் பக்கம் அடிக்கலாம்னு. அப்படிப் போட்டா அது நான் போட்ட கோல். நீங்க விட்ட கோல் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா நீங்க நம்பவே இல்ல. நேரா பந்து மேலயே வந்து விழுந்தீங்க.

— கதிரவா...

— தை மாசத்துலேர்ந்து எனக்கு விட்டுக்குடுக்காத ஒரே ஆளு நீங்கதான். அம்மாகிட்ட போய் இதைத்தான் சொல்லப் போறேன்.

— போடா. போய் மூஞ்சியைக் கழுவு. உங்க பசங்க தேடுறாங்க.

— நீங்க வீட்டுக்கு வாங்க. பூவம் வளைவுல நான் வந்து நிக்கிறேன்.

— வர்றேன். போ.

— சின்னப் புள்ளயை அழ வெச்சிட்டியேடா. இத்தனை பேரு சொல்லியும் கேக்கலியே, நீயெல்லாம் என்ன மனுஷன்? சரி, கப்பு வந்துடுச்சு, திட்டவும் முடியல. அவன் அண்ணன் ஆயுசுக்கும் கடல் பக்கம்தான் அடிச்சான். இவன் ரோட்டுப் பக்கம் அடிப்பான்னு எப்படிடா உனக்குத் தெரிஞ்சுச்சு?

— கடல் பக்கம்னு சொன்னான் நானா. அதை நம்பித்தான் ரோட்டுப் பக்கம் விழுந்தேன்.