அசெம்ப்ளிக்குப் போன இருமல்

தங்கச் சுரங்க ஊரான மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில், என் எதிர் சீட்டில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். நெஞ்சு டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள் போலும். பெரியவர் மடியில் எக்ஸ்ரே கவர்.

“உங்க இருமலைப் பத்தி நேத்து அசெம்ப்ளில பேசினாங்க,” என்றார் அந்த அம்மாள்.

“எம் பேரச் சொன்னாங்களா?”

“பேரெல்லாம் இல்ல. நம்ம ஊருக்கு நெஞ்சு டாக்டர் எப்ப வருவாருன்னு நம்ம எம்.எல்.ஏ. எழுந்து கேட்டாரு. சுரங்கத்துல வேல செஞ்சவங்க இருமிக்கினே பெங்களூருக்குப் போறாங்கன்னாரு. அது நீங்கதானே?”

“மந்திரி இன்னா சொன்னாரு?”

“பாக்கறோம்னாரு.”

பெரியவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. அந்த அம்மாள் முதுகைத் தடவிவிட்டார்.

“சுரங்கத்துல கீழேர்ந்து பெல் அடிப்போம். மேலேர்ந்து திருப்பி அடிச்சாத்தான் எங்கள ஏத்திக்கினு கேஜ் கூண்டு மேல நகரும்,” என்றார் அவர், மூச்சு வந்ததும். “நம்ம ஆளு அடிச்சிட்டாரு. மேலேர்ந்துதான் இன்னும் வரல.”

“அது வரைக்கும் இன்னா பண்ணுவீங்க?”

“கேஜுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் புடிச்சிக்கினு நிப்போம்.”

“அப்ப புடிங்க,” என்று அந்த அம்மாள் கையை நீட்டினார்.