முதுகுக்கு லீவு

— ஏலே ஃபாரிஸு, உம்மா கையில இருந்த கஞ்சிய இப்படியா தட்டி விடுவ?

— நோம்புன்னு சொன்னேன் லாத்தா. கேக்காம வாயில திணிக்காவ.

— பெருநாளும் போச்சு, அதுக்குப் பொறவு வைக்குற ஆறு நோம்பும் போச்சு. இன்னும் என்னலே நோம்பு? சீக்காளிக்கு ரமளான் நோம்பே கடமையில்லன்னு அசரத்தே சொன்னாவளே.

— அந்த அசரத்துதான் பள்ளிவாசல்ல என்னைய மெச்சுனாவ.

— மெச்சட்டும். மூத்திரம் எரியுதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு கெடந்தியே, அப்ப அவியளா வந்தாவ? தசைச் சிதைவுல மனசும் சேந்து நோவும், அது கோவமாத்தான் வெளிய வரும், அதட்டாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாவ. ஒங்கூடப் பொறந்தவ நான், அதட்டல. கேக்கேன். யாரு மேலலே கோவம்?

— யாரு மேலயும் இல்ல. குடிச்சா மூத்திரம் வரும். வந்தா வாப்பா தூக்கணும். போதுமா?

— அல்லாவே! அதுக்கா நோம்பு? அல்லாவுக்குப் பயந்த சாலிஹான பிள்ளைன்னு ஊரு பூரா பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சோமேலே!

— மொத நோம்பு அன்னைக்கு வாப்பா உம்மாட்ட சொன்னாவ, 'இன்னைக்கு எம் முதுகுக்கு லீவு'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாவ. எனக்குக் காலுதான் வெளங்கல, காது நல்லாக் கேக்கும்.

— வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாவ.

— இருக்கட்டும். நான் இல்லாட்டி இந்த வீட்டுக்கே லீவுதான். நெதம் அதான் மண்டைக்குள்ள ஓடுது.

— லே... இத ஒத்தையில வச்சுக்கிட்டு கெடக்காத. நாளைக்கே டாக்டரம்மாட்ட சொல்லுவோம், நானும் கூட வாறேன். ஆனா ஒண்ணு சொல்லு. லீவு கெடச்ச மனுசன், டவுண்ல துணிக்கடைய விட்டுட்டு, வேகாத வெயில்ல ஆத்துப் பாலம் தாண்டி மத்தியானம் மத்தியானம் எதுக்கு வாறாவ?

— சாப்பிட.

— நோம்பு மாசத்துலயும் வந்தாவளே, அப்பவும் சாப்பிடவா? ஒன்னையத் தூக்கத்தாம்லே! நீ மூஞ்சியத் திருப்பிக்கிடுத. அப்படியே திரும்பிப் போயிருதாவ. தூக்கையில மட்டுந்தான நீ அவிய கழுத்தக் கட்டிக்கிட்டு நாலு வார்த்த பேசுவ. அதுவும் போச்சு. 'பிள்ளைக்கு எம் மேல என்ன கோவமோ'ன்னு உம்மாட்ட அழுதாவ.

— அழுதாவளா?

— நான் பாத்தேன்.

— தண்ணிச் செம்ப எடு லாத்தா. பாதி போதும்.

— இந்தா, பைய... வாப்பா! எப்ப வந்திய? கதவுக்குப் பின்னால ஏன் நிக்கிய?

— முழுச் செம்பையும் குடிக்கச் சொல்லு அஸீலா. இன்னைக்கு நான் கடைக்குத்தான் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்.