இங்கிலாந்து பேண்டும் ஏழு அட்சரமும்

சான் ஹோசேயிலிருந்து மில்பிடாஸ் போகும் ரயிலில், முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அந்த இங்கிலாந்துப் பசங்க நம்ம கர்நாடக சங்கீதத்து மிஸ்ர சாபு தாளத்துல வாசிக்கிறானுங்கடா."

"எந்தப் பசங்க?"

"என் பொண்ணு மாயா கேக்குற ராக் பேண்ட். புது ஆல்பம் போட்டிருக்கானுங்க. முதல் சிங்கிள் வந்தப்போ வெறும் சத்தம்னு ஆஃப் பண்ணச் சொன்னேன். நேத்து அவ கார்ல ரெண்டாவது சிங்கிள் ஓடுச்சு. என் கை தானா தொடையில தாளம் போடுது. எண்ணிப் பார்த்தா ஏழு வருது."

"ராக் பாட்டு நாலுலதானடா இருக்கும்?"

"தப்பா எண்ணுறேனோன்னு மறுபடி போடச் சொன்னேன். தகிட தகதிமி, தகிட தகதிமி. ஒரு இடத்துலகூட இடறல. புல்லரிச்சுப்போச்சு."

நண்பர் ஒரு இயர்பட்டை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கையும் தொடைக்கு வந்துவிட்டது.

"அடேயப்பா" என்றார் மெதுவாக. "மாயாகிட்ட சொன்னியா?"

"அவதான் மிருதங்க கிளாஸே வேணாம்னு சண்டை போட்டு நின்னவளாச்சே. ரெண்டு வருஷமா வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. இவளுக்கு எங்க தெரியப்போகுதுன்னு நானே தாளத்தை விளக்க ஆரம்பிச்சேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கல. 'ஐ நோ, அப்பா. தட்ஸ் வை ஐ லவ் தெம்'னா."

மில்பிடாஸ் வரை இரண்டு பேர் கையும் தொடையில் ஏழு எண்ணிக்கொண்டே வந்தது.